ஸ்ட்ராட்ஃபோர்டில் மாப்பிள்ளையைத் தேடி

ஸ்ட்ராட்ஃபோர்ட்-அபான்-ஏவனில் ரயிலை விட்டு இறங்கினால் திரும்பிய பக்கமெல்லாம் மாமனார் ஷேக்ஸ்பியர் முகம்தான். டீ கப், சாவிக்கொத்து, சாக்லேட் டப்பா, எதையும் விட்டுவைக்கவில்லை. பர்மிங்காமில் வேலை பார்க்கும் என் தம்பி வழியெல்லாம் கிண்டல் செய்துகொண்டே வந்தான். "அண்ணே, ஊரே ஷேக்ஸ்பியர் பொறந்த வீட்டு வாசல்ல நிக்குது. நீங்க அவரு மருமகனைப் பார்க்கணும்ங்கறீங்க."

அந்த மருமகன் பெயர் ஜான் ஹால். பெட்ஃபோர்ட்ஷயர்க்காரர், கேம்பிரிட்ஜில் குவீன்ஸ் கல்லூரியில் படித்தவர். எம்.ஏ. பட்டம் உண்டு, மருத்துவப் பட்டம் வாங்கியதாகத் தெரியவில்லை. அப்பாவும் மருத்துவர் என்பதால் தொழில் வீட்டிலேயே இருந்தது. 1607 ஜூன் 5ஆம் தேதி ஷேக்ஸ்பியரின் மூத்த மகள் சூசன்னாவைக் கைப்பிடித்தார். அடுத்த பிப்ரவரியில் எலிசபெத் பிறந்தாள். அவள்தான் ஒரே பிள்ளை. நான் இவரைத் தேடி வந்ததற்குக் காரணம் இவர் லத்தீனில் எழுதிவைத்த நோயாளிக் குறிப்பேடு. மாமனார் எழுதியதில் அரசர்களும் பேய்களும் கிடைப்பார்கள், அவர் வீட்டார் கிடைக்க மாட்டார்கள். வீட்டில் யாருக்கு எப்போது வயிறு வலித்தது என்று தெரிய வேண்டுமானால் மாப்பிள்ளையிடம்தான் போக வேண்டும்.

ஹால்ஸ் கிராஃப்ட் என்ற வீடு ஓல்ட் டவுன் தெருவில், தேவாலயத்துக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. கறுத்த மரச்சட்டங்களுக்கு நடுவே வெளிறிய சுண்ணப் பூச்சு, மேலே கூம்புக் கூரைகள். மரத்தின் வளையங்களை எண்ணி 1613 என்று காலம் குறித்திருக்கிறார்கள். ஹால் குடும்பம் இங்கே இருந்தது என்பது வழிவழியாக வந்த பேச்சுதான், எழுத்துச் சான்று கிடையாது. இருந்தாலும் அந்த 1613 என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. அதே ஆண்டில்தான் ஜான் லேன் என்ற இளைஞன், சூசன்னாவுக்கு வேறொருவனோடு உறவு, பால்வினை நோய் வேறு என்று ஊரில் பேசித் திரிந்தான். மருத்துவர் மனைவியைப் பற்றி இப்படியொரு பேச்சு கிளம்பினால் வீட்டு மானத்தோடு கணவரின் தொழிலும் சேர்ந்து போகும். சூசன்னா முடங்கிக் கிடக்கவில்லை. வூஸ்டரில் இருந்த திருச்சபை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். லேன் எட்டிப் பார்க்கவே இல்லை. அவனைச் சபையை விட்டு நீக்கினார்கள்.

இப்போது குறிப்பேட்டுக்கு வருகிறேன். அதில் "என் மனைவி" என்று ஒரு பதிவு. சூசன்னா வயிற்றுச் சூலையில் துடிக்கிறார். முதலில் கொடுத்த எனிமா சரியாக வேலை செய்யவில்லை. ஹால் ஸ்பானிய வெள்ளை ஒயினைச் சூடாக்கி அதையே எனிமாவாகக் கொடுக்கிறார். ஏராளமாகக் காற்றுப் பிரிந்தது, வலி விட்டது என்று எழுதி வைக்கிறார். கூச்சமே இல்லை. ஷேக்ஸ்பியரின் செல்ல மகளைப் பற்றி உலகத்துக்குக் கிடைத்திருக்கும் மிக நெருக்கமான செய்தி இதுதான். தம்பியிடம் சொன்னபோது கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டான்.

மகளைப் பற்றிய பதிவு வேறு மாதிரி. 1624இல் எலிசபெத்துக்குப் பதினாறு வயது நெருங்குகிறது, திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்கிறது. மாத்திரை, கழுத்தில் தடவத் தைலம் என்று கொடுத்துச் சரிசெய்கிறார். ஏப்ரலில் அவள் லண்டன் போய்த் திரும்பும்போது சளி பிடித்து, இம்முறை மறுபக்கம் கோணுகிறது. திரும்பவும் வைத்தியம். ஜாதிக்காயை அடிக்கடி தின்றாள் என்று ஒரு வரி வருகிறது. மே மாதம் விட்டுவிட்டுக் காய்ச்சல்: சூடு, வியர்வை, குளிர் எல்லாம் அரை மணி நேரத்துக்குள், ஒரே நாளில் பல தடவை. சோம்பு வேர், பார்ஸ்லி வேர் போட்ட கஷாயம், முதுகுத்தண்டில் தைலம். கடைசியில், சாவிலிருந்து மீண்டாள், பல ஆண்டுகள் நலமாக இருந்தாள் என்று முடிக்கிறார். மற்ற நோயாளிகளின் பதிவுகள் பெரும்பாலும் "குணமானார்" என்று நின்றுவிடும். இங்கே மட்டும் தகப்பன் எட்டிப் பார்க்கிறார்.

கஷாயம், எண்ணெய், பத்தியம் என்று படித்து நம் ஊர் வைத்தியர் ஞாபகம் வந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் புறாவும் உண்டு. 1632இல் ஹாலுக்கே கடுங்காய்ச்சல் கண்டபோது, உயிருள்ள புறாவைப் பிளந்து பாதத்தில் வைத்துக் கட்டினார்கள். தலைக்கேறிய உடம்புச் சூட்டாவி கீழே இறங்குமாம். சூசன்னா வேறு இரண்டு மருத்துவர்களை வரவழைத்தார். ஹால் பிழைத்தார், அது புறாவால் அல்ல என்பது என் கட்சி. அதே மனிதர்தான், வைட்டமின் சி குறைவால் ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய்க்கு வாட்டர்கிரெஸ் போன்ற பச்சிலைகளை பீரில் ஊறவைத்துக் கொடுத்தார். வைட்டமின் சி என்ற பேச்சே அப்போது கிடையாது. கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்துச் சோதித்தது 1747இல்தான்.

ஹால் கறாரான புராட்டஸ்டன்ட். ஆனாலும் கத்தோலிக்க வீடுகளிலிருந்தும் அவரைத் தேடி ஆள் வந்தது. லட்லோ கோட்டை வரை போய் நார்தாம்ப்டன் சீமாட்டியைக் கவனித்திருக்கிறார். நகர மன்றத்தில்தான் ஒத்துப்போகவில்லை. 1632இல் உறுப்பினரானவரை மறு ஆண்டே வெளியேற்றிவிட்டார்கள்.

1616இல் மாமனார் இறந்தபோது உயிலை நிறைவேற்றும் பொறுப்பு சூசன்னாவுக்கும் ஹாலுக்கும் வந்தது, நியூ பிளேஸ் என்ற பெரிய வீடும் மகளுக்கே வந்தது. இன்று அங்கே வீடு இல்லை. 1759இல் பிரான்சிஸ் காஸ்ட்ரல் என்ற பாதிரியார் இடித்துத் தள்ளிவிட்டார், இப்போது தோட்டம். புறா வைத்தியம் நடந்த இடத்தில் பூப்பாத்தி. ஒட்டினாற்போல் நிற்கும் நாஷ் வீடு எலிசபெத்தை மணந்த தாமஸ் நாஷுடையது.

1635 நவம்பர் 25ஆம் தேதி, சாகும் நாளில், ஹால் வாய்மொழியாக உயில் சொன்னார். கையெழுத்துப் பிரதிகளை வேறொருவருக்குக் கொடுத்திருப்பேன், அவர் இங்கே இல்லை. ஆகவே நாஷ், நீ அவற்றை எரித்தாலும் சரி, உன் இஷ்டப்படி செய்தாலும் சரி என்றார். ஆக, இவர் எழுத்து பிழைத்தது இவருடைய மாப்பிள்ளை தீக்குச்சி தேடாததால். நாஷை யாரும் கொண்டாடுவதில்லை. கொண்டாடலாம் என்பேன்.

பிறகு உள்நாட்டுப் போர். ஏவன் ஆற்றுப் பாலத்தைக் காத்த படையின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் குக், நியூ பிளேஸுக்குப் புத்தகம் பார்க்க வந்தார். சூசன்னா வேறொரு மருத்துவருடையவை என்று சொல்லிச் சிலவற்றை எடுத்துவந்தார். புரட்டிய குக், இது உங்கள் கணவர் கையெழுத்து என்கிறார். இல்லை என்கிறார் சூசன்னா. குக்கும் விடவில்லை. அம்மாவுக்குக் கோபம் வருவதைப் பார்த்ததும் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். 1657இல் ஆங்கிலத்தில் அச்சிட்டார். சூசன்னாவுக்குக் கணவர் எழுத்தைப் படிக்கத் தெரியாது என்று இதை வைத்துச் சிலர் வாதிடுவதுண்டு. விலை பேச வந்தவனிடம் வீட்டுச் சொத்து எது என்று காட்டிக்கொடுக்காத சாமர்த்தியமாகவும் இருக்கலாமே.

ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு எலுமிச்சைக்குச் சம்பந்தமில்லாத லைம் மரங்கள் வரிசையாக நிற்கும் பாதை. பலிபீடத்தின் முன் குடும்பமே வரிசையாகப் படுத்திருக்கிறது: ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன், ஷேக்ஸ்பியர், நாஷ், ஹால், சூசன்னா. கூட்டம் இரண்டாவது கல்லோடு நின்று படம் எடுத்துத் திரும்பிவிடுகிறது. நான் கோடிக்குப் போனேன். சூசன்னாவின் கல்லில், அவருடைய புத்திக்கூர்மையில் ஷேக்ஸ்பியரின் பங்கு கொஞ்சம் உண்டு என்று ஒரு பாட்டு. 1707இல் இறந்த வேறொருவருக்காக அதைச் செதுக்கி அழித்துவிட்டார்கள். இப்போது இருப்பது 19ஆம் நூற்றாண்டில் மறுபடி வெட்டியது.

"அந்த ஜாதிக்காய்ப் பொண்ணு எங்கே?" என்றான் தம்பி. அவள் இந்த வரிசையில் இல்லை. நாஷ் போன பிறகு ஜான் பெர்னார்ட் என்பவரை மணந்து, 1670இல் குழந்தை இல்லாமல் இறந்தாள். ஷேக்ஸ்பியரின் நேர் வாரிசு அவளோடு சரி. புதைத்தது நார்தாம்ப்டன் பக்கம் அபிங்டனில். தம்பி அங்கேயே போனை எடுத்து, காரில் எவ்வளவு தூரம் என்று பார்க்க ஆரம்பித்தான்.