நாலு மணி ரீடிங்

நான் நர்ஸ். வார்டுல 12 வருஷமா வேலை பாக்குறேன். ஆவிக்குரிய போராட்டம்னு சொன்னா நிறைய பேருக்கு ராத்திரில வர்ற பயம், கெட்ட கனவு, பிசாசோட தொந்தரவு இதுதான் மனசுல வரும். எனக்கு அது வந்தது ஒரு டிபிஆர் சார்ட்டுல, பேஷண்ட்டோட டெம்பரேச்சர், பல்ஸ், மூச்சு எல்லாம் நேரத்துக்கு நேரம் எழுதி வைக்கிற தாள்ல. இத எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன், ஆனா இதே எடத்துல மாட்டிக்கிட்டு யார்கிட்டயும் சொல்ல முடியாம தவிக்கிறவங்க இருப்பாங்கன்னு தெரியும், அதனால எழுதுறேன்.

அன்னைக்கு நைட் டியூட்டி. வயித்துல ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள்ல இருந்த ஒரு பெரியவருக்கு நாலு மணிநேரத்துக்கு ஒரு தடவ வைட்டல்ஸ் பாக்கணும்னு ஆர்டர். 12 மணிக்கு பாத்தேன், டெம்பரேச்சர் 98.8, பல்ஸ் 86, பிபி 124/78. நல்லா தூங்கிட்டு இருந்தாரு. அதுக்கப்புறம் வார்டோட இன்னொரு கோடியில ஒருத்தருக்கு மூச்சுத்திணறல் வந்து, டாக்டர கூப்பிட்டு, ஆக்ஸிஜன் போட்டு, எக்ஸ்ரேக்கு அனுப்பி, திரும்பி வந்து உக்காரும்போது மணி அஞ்சு ஆகப்போகுது. சார்ட்டுல நாலு மணி கட்டம் காலியா கெடக்கு. பேனாவ எடுத்தேன். 98.6, பல்ஸ் 84, பிபி 120/80ன்னு எழுதிட்டேன். எழுந்து போகவே இல்ல. அவரோட பெட்டுக்கும் எனக்கும் நடுவுல ஒரு இருபது அடி கூட இருக்காது.

ஆறு மணிக்கு போனா மனுஷன் கிடுகிடுன்னு நடுங்குறாரு. ஜுரம் 102.4, பல்ஸ் 128, பிபி 88/50. உடனே டாக்டர கூப்பிட்டேன், ஓடி வந்தாரு, சார்ட்ட கையில எடுத்து பாத்துட்டு சொன்னாரு, "நாலு மணிக்கு நல்லாத்தான் இருந்திருக்காரு, டக்குனு சரிஞ்சிருக்காரு போல." நான் பக்கத்துல ஐவி லைன் போட்டுட்டு நின்னேன். வாயத் தொறக்கல.

உள்ள கிருமி பரவுற நேரத்துல ஒவ்வொரு மணிநேரமும் எவ்வளவு முக்கியம்னு இந்த வேலையில இருக்கிறவங்களுக்கு தெரியும், ஆன்டிபயாடிக் எவ்வளவு சீக்கிரம் போகுதோ அவ்வளவு நல்லது. நாலு மணிக்கு நான் போய் கைய வெச்சு பாத்திருந்தா ஏதாவது தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சிருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம். அந்த பதில யாருமே எப்பவுமே சொல்ல முடியாத மாதிரி நான் பண்ணிட்டேன், அதுதான் என்ன அரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

அவரு பொழச்சுக்கிட்டாரு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஐசியூல இருந்து அஞ்சு நாள் கழிச்சு வார்டுக்கு திரும்ப வந்தாரு. அவரோட மக என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "சிஸ்டர், நீங்கதான் அன்னைக்கு கண்டுபிடிச்சீங்களாம், உங்கள மறக்கவே மாட்டோம்"னு அழுதாங்க. திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேன்.

அன்னையில இருந்து என்னால ஜெபம் பண்ண முடியல. முழங்கால் போட்டா அந்த கட்டம்தான் கண்ணுல வரும், 98.6. சமாதானம் தாங்க ஆண்டவரேன்னு கேட்பேன், கேட்டு முடிக்கிறதுக்குள்ள உள்ள ஒரு குரல், நீயெல்லாம் ஒரு விசுவாசியா, வார்டுல பேஷண்ட்டுக்கு ஜெபம் பண்றவளா நீ, உன் ஜெபம் யாருக்கு வேணும், நீ எப்பவுமே இப்படித்தான், அப்படீன்னு. இது கர்த்தர் என்ன கண்டிக்கிறதுன்னே நெனச்சேன், சரி அடி வாங்குவோம்னு வாங்கிக்கிட்டே இருந்தேன். பைபிள தொறக்குறதையே நிறுத்திட்டேன். சர்ச்சுக்கு போவேன், பாடுவேன், உள்ள ஒண்ணுமே இருக்காது.

இதுல எனக்கு வெளிச்சம் கெடச்சது 2 கொரிந்தியர் 7:10ல. "தேவனுக்கேற்ற துக்கம் பின்பு மனஸ்தாபப்படுகிறதற்கு இடமில்லாமல் இரட்சிப்புக்கேதுவான மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது." அப்ப ரெண்டு துக்கம் இருக்கு. உக்காந்து யோசிச்சு பாத்தப்ப எனக்குள்ளயும் ரெண்டு குரல் இருந்தது புரிஞ்சுது, இத்தன நாளா ஒண்ணுன்னு நெனச்சு கேட்டுட்டு இருந்திருக்கேன். ஒண்ணு என் பேருல இருந்து ஆரம்பிக்கும், நீ இப்படிப்பட்டவ நீ எதுக்கும் லாயக்கில்லன்னு, அதுல வெளிய போறதுக்கு கதவே கிடையாது. இன்னொண்ணு ரொம்ப மெதுவா ஒரே ஒரு விஷயத்ததான் சொல்லும், அந்த நாலு மணி எண்ட்ரி, போய் சொல்லு. அவ்வளவுதான். திட்டு கெடையாது. முதல் குரல் சத்தமா இருந்ததால ரெண்டாவது குரல் எனக்கு கேக்கல. வெளிப்படுத்தின விசேஷத்துல 12வது அதிகாரத்துல சாத்தான இரவும் பகலும் சகோதரர் மேல குற்றம் சுமத்துறவன்னு சொல்லியிருக்கு, அது என்னன்னு அந்த வாரம்தான் எனக்கு வெளங்குச்சு. செஞ்சது பொய், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த உண்மைய வெச்சே ஒருத்தர ஆண்டவர்கிட்ட போகவிடாம தடுக்க முடியும்.

எபேசியர் 6ம் அதிகாரத்துல பவுல் எழுதின சர்வாயுதவர்க்கத்த, அதாவது விசுவாசி போட்டுக்க வேண்டிய போர் ஆயுதங்களோட பட்டியல, சண்டே ஸ்கூல் காலத்துல இருந்து மனப்பாடமா சொல்லுவேன். கேடகம், பட்டயம் இதெல்லாம்தான் மனசுல நிக்கும். ஆனா பவுல் முதல்ல சொல்றது பட்டயம் இல்ல, கச்சை. "சத்தியம் என்னும் கச்சை." இடுப்புல கட்டுறது. அதுக்கப்புறம்தான் மார்க்கவசம், பாதரட்சை, கேடகம், தலைச்சீரா, பட்டயம் எல்லாம் வருது. நான் இடுப்புல ஒண்ணும் கட்டாம வசனத்த பட்டயமா வீசிட்டு இருந்தேன், அது என் கையில நிக்கவே இல்ல. இன்னொண்ணும் கவனிச்சேன், அந்த பகுதி முழுக்க நில்லுங்க, நில்லுங்கன்னுதான் திரும்ப திரும்ப வருது. பாய்ஞ்சு அடிங்கன்னு இல்ல. அத எழுதினவரே தான் சங்கிலியில கட்டப்பட்டிருக்கேன்னு 20வது வசனத்துல சொல்றாரு. எனக்கும் அப்ப வேண்டியிருந்தது இன்சார்ஜ் சிஸ்டர் ரூம் வாசல்ல திரும்பிப் போகாம நிக்கிற பெலன் மட்டும்தான்.

பதினோராவது நாள் போனேன். ரெண்டு தடவ வாசல் வரைக்கும் போய் திரும்பி வந்து மூணாவது தடவ உள்ள போனேன். போறதுக்கு முன்னாடி ட்ரெஸ்ஸிங் ரூம்ல நின்னு பண்ண ஜெபம், "ஆண்டவரே, கால் நிக்கணும்", அவ்வளவுதான் வந்துச்சு.

சிஸ்டர் முழுசா கேட்டாங்க. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "சார்ட்ட எடுத்துட்டு வா"ன்னாங்க. தப்பா எழுதினத எப்படி திருத்தணும்னு எங்களுக்கு படிக்கும்போதே சொல்லிக் குடுப்பாங்க, அடிச்சு கறுப்பாக்கக் கூடாது, ஒயிட்னர் போடக் கூடாது, ஒரே ஒரு கோடு, கீழ இருக்கிற எழுத்து படிக்கிற மாதிரி இருக்கணும், பக்கத்துல தேதி, நேரம், கையெழுத்து. போட்டேன். கை நடுங்குச்சு, கோடு நேரா வரல. 98.6 அந்த கோட்டுக்கு கீழ இன்னும் தெளிவா தெரிஞ்சுது. "ரீடிங் எடுக்கப்படவில்லை"ன்னு எழுதி கையெழுத்து போட்டப்ப பதினோரு நாளுக்கப்புறம் முதல் தடவையா மூச்ச முழுசா விட்டேன்.

அதுக்கப்புறம் இன்சிடென்ட் ரிப்போர்ட், விசாரணை, மெமோ எல்லாம் நடந்துச்சு. டாக்டர்கிட்ட நானே சொன்னேன், அவரு முகம் மாறிப்போச்சு. அந்த பெரியவர்கிட்டயும் அவரு மககிட்டயும் டாக்டர், சிஸ்டர் கூட போய் சொல்லி மன்னிப்பு கேட்டேன். பெரியவர் தலைய ஆட்டினாரு. மக டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் என் முகத்தப் பாக்கல. அவங்களுக்கு அந்த உரிமை இருக்கு. உண்மைய சொன்னா உடனே எல்லாம் சரியாயிடும்னு சாட்சி சொல்றவங்கள கேட்டிருக்கேன், எனக்கு அப்படி ஆகல, ஜெபத்துல இருந்த வறட்சி அப்புறமும் சில மாசம் இருந்துச்சு. ஆனா அது வேற வறட்சி. ஒளிஞ்சுக்கிட்டு இருக்கிற வறட்சி இல்ல. ஒண்ணும் தோணலன்னாலும் அவர் முன்னாடி போய் உக்கார முடிஞ்சுது.

அப்படி உக்காந்திருந்த ஒரு நாள்தான் யோவான் 21 வாசிச்சேன். உயிர்த்தெழுந்த இயேசு கரையில நிக்கிறாரு, அவரோட சீஷன் பேதுரு கடல்ல குதிச்சு கரைக்கு வர்றாரு, அங்க கரிநெருப்பு போட்டிருக்கு. இந்த கரிநெருப்புக்கு மூல கிரேக்கத்துல இருக்கிற வார்த்தை புதிய ஏற்பாட்டுல ரெண்டே ரெண்டு எடத்துலதான் வருது. ஒண்ணு இது. இன்னொண்ணு யோவான் 18:18, பிரதான ஆசாரியனோட முற்றத்துல பேதுரு குளிர்காய்ஞ்சுக்கிட்டு நின்ன நெருப்பு. அங்க நின்னுதான் அவரு இயேசுவோட ஆள் நான் இல்லன்னு மறுதலிச்சாரு. அதே நெருப்பு வாசனையில அவர திரும்ப நிக்க வெக்கிறாரு ஆண்டவர். முதல்ல "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்"னு கூப்பிட்டு சாப்பாடு குடுக்கிறாரு. ஏன் அப்படி பண்ணேன்னு ஒரு கேள்வி கூட கேக்கல. மூணு தடவ கேக்குறது "என்னை நேசிக்கிறாயா"ன்னு மட்டும்தான். மூணு தடவையும் அவரு கையில வேலைய குடுக்கிறாரு, என் ஆட்டுக்குட்டிகளை மேய், என் ஆடுகளை மேய். இத படிச்சப்பதான் நான் ரொம்ப நாளைக்கப்புறம் அழுதேன். மன்னிச்சாரு சரி, ஆனா பொய் சொன்னவன் கையிலயே ஆட்ட குடுக்கிறாரே.

ஏன்னா மெமோ வாங்கின அந்த வாரமே எனக்கு அது நடந்திருந்துச்சு, நான்தான் கவனிக்கல. என்ன வேற எடத்துக்கு மாத்திடுவாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன், மாத்தினா கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்திருக்கும். டியூட்டி ரோஸ்டர்ல என் பேரு அதே வார்டு, அதே நைட்டுன்னு வந்துச்சு. சிஸ்டர் கிட்ட கேட்டதுக்கு நிமிர்ந்து கூட பாக்காம, "நாலு மணி ரவுண்டு நீயே எடு"ன்னு சொன்னாங்க.

அன்னைக்கு ராத்திரி நாலு மணிக்கு அதே பெட்டுல வேற ஒருத்தர் படுத்திருந்தாரு. தூங்குறவர எழுப்புறதுக்கு சங்கடமாத்தான் இருந்துச்சு. "ஐயா, பிபி பாக்கணும்"னு மெதுவா சொல்லி கைய எடுத்து கஃப் சுத்தினேன். கை வெதுவெதுன்னு இருந்துச்சு. ஒரு தடவ எடுத்துட்டு, நம்பாம இன்னொரு தடவ எடுத்தேன். அவரு கண்ண தொறக்காமலே "எவ்வளவும்மா இருக்கு"ன்னு கேட்டாரு. 118/76 ஐயா, நல்லாருக்குன்னு சொன்னேன். லைட்ட அணைக்கிறதுக்கு முன்னாடி அங்கயே நின்னு எழுதினேன்.