கேட்வால்வும் நரம்பு மெஷினும்

நேத்து காவேரிப்பட்டணம் வந்தேன், மாந்தோப்புல அப்பா போர் மோட்டாரை ஃபுல்லா ஓடவிட்டு கேட்வால்வை முக்கால்வாசி மூடி சொட்டுநீர் விட்டுட்டு இருந்தாரு. நீ பெங்களூர்ல என்னதான்டா வேலை பாக்குறன்னாரு. இதேதான்பா, ஆனா உடம்புக்குள்ளன்னேன்.

தீராத முதுகுவலிக்கு தோலுக்கடியில பேட்டரில ஓடுற சின்ன மெஷின் வெச்சு தண்டுவடத்துகிட்ட கரண்ட் துடிப்பு குடுப்பாங்க. 3 மில்லிஆம்ப் போகணும், எலக்ட்ரோடு எதிர்ப்பு 1000 ஓம்னா 3 வோல்ட் போதும், ஆனா அந்த எதிர்ப்பு ஆளுக்கு ஆள் மாறும், எலக்ட்ரோடை சுத்தி திசு வளர வளரவும் மாறும், எதுக்கும் இருக்கட்டும்னு 10 வோல்ட் வெச்சா மிச்சம் 7 வோல்ட் சர்க்யூட்லயே சூடா வீணாப்போகுது, மோட்டாரை ஃபுல்லா ஓடவிட்டு வால்வை மூடுற மாதிரிதான். (விவசாய கரண்ட் ஃப்ரீ, இங்க யாரு ஃப்ரீயா குடுப்பா!) அதனால துடிப்பு போறப்ப எவ்ளோ வோல்ட் விழுதுன்னு அளந்து அதுக்கு மேல கொஞ்சூண்டு மட்டும் வெச்சு சப்ளையை ஏத்தி இறக்கணும். ரொம்ப கொறச்சா கரண்ட் முழுசா போகாது, வலி திரும்பிடும். ரீசார்ஜ் ஆகாத மாடல்ல பேட்டரி தீந்தா மறுபடி ஆபரேஷன்தாங்க.

எல்லாம் கேட்டுட்டு, "அப்ப நம்ம மோட்டாருக்கும் அப்படி ஒண்ணு போட்டுக்குடுடா"ன்னாரு. மோட்டார் வேகத்தை ஏத்தி இறக்குற விஎஃப்டி (VFD) பொட்டியோட விலையை சொன்னேன், வால்வை இன்னும் ரெண்டு சுத்து மூடிட்டு போயிட்டாரு.