5, 6 முடிந்தது: 12 வால்வு கம்மின்ஸுக்கு 60 பவுண்டு ஸ்பிரிங்

பின்பக்கத்து இரண்டு சிலிண்டர்களும் ஒருவழியாக முடிந்தன. 12 வால்வு கம்மின்ஸ் டீசல் என்ஜினில் கை வைத்தவர்களுக்கு இந்த நிம்மதி புரியும். வண்டி 1997 டாட்ஜ் ராம் 2500, 5.9 லிட்டர், பி7100 டீசல் பம்பு. அதில் வேகத்துக்கு வரம்பு போடும் கவர்னருக்கு 4000 ஆர்பிஎம் ஸ்பிரிங் போட்ட பிறகு, 3000-ஐத் தாண்டினாலே வால்வு மிதக்க ஆரம்பித்தது. பம்பு டீசலைக் கொட்டுகிறது, வால்வோ தன்னைத் திறக்கும் கேமோடு ஓடி வர மாட்டேன் என்கிறது. அதற்குத்தான் இந்த 60 பவுண்டு வால்வு ஸ்பிரிங்.

இன்னும் கடினமான ஸ்பிரிங்காகப் போடு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கேமில் உரசிக்கொண்டு ஓடும் தட்டை டாப்பெட், பழைய கேம். ஸ்பிரிங் கடினமாக ஆக, உரசல் முழுக்க அங்கேதான் விழும். டாப்பெட்டின் தள்ளலை மேலே கொண்டுபோகும் புஷ் ராடையும் தடிமனாக மாற்ற வேண்டிவரும். பந்தயத்துக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

ஹெட்டை இறக்காமல் செய்வதால் எல்லாமே டிடிசியை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைப் பிடிப்பதில்தான் இருக்கிறது. சிலிண்டர்கள் 1-6, 2-5, 3-4 என்று ஜோடியாக உச்சிக்கு வரும். பிஸ்டன் உச்சியில் நின்றால் வால்வு அதன் தலையில் உட்காரும், சிலிண்டருக்குள் விழாது. உச்சியைக் காட்டும் டைமிங் பின்னை நான் நம்புவதில்லை, தொட்டால் உடைகிற பிளாஸ்டிக். தோராயமாக உச்சிக்குக் கொண்டுவந்து ஒரு ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துவிட்டு, வால்வு தண்டின் நுனியில் டயல் கேஜை வைப்பேன். என்ஜினைக் கையால் சுற்றும் பாரிங் டூலால் இம்மி இம்மியாகத் திருப்பினால் முள் ஏறும், நிற்கும், இறங்கத் தொடங்கும். அந்த நிற்கிற இடம்தான் உச்சி. அதன் பிறகு மற்றதைக் கழற்றினால் பயமே இல்லை.

ஆறாவது சிலிண்டர் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கவுலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரஸரில் நெம்பும் வகை அங்கே முட்டிக்கொள்ளும். நட்டை இறுக்க இறுக்கத் தட்டு இறங்கி இரண்டு ஸ்பிரிங்கையும் சேர்த்து அமுக்குகிற வகைதான் சரி. ஸ்பிரிங்கைத் தண்டோடு பூட்டும் குட்டித் துண்டான வால்வு லாக்கைக் காந்தக் குச்சியால் வைக்கச் சொல்வார்கள். லாக் காந்தத்தைவிட்டு வரவே வராது! சின்ன ஸ்க்ரூ டிரைவர் நுனியில் துளி கிரீஸ் தடவி, அதில் ஒட்டிக் கொண்டுபோய்த் தண்டின் பள்ளத்தில் அழுத்தினால் அப்படியே நிற்கும். புஷ் ராடு ஓட்டைகளைத் துணியால் அடைத்துவிடுங்கள், லாக் ஒன்று உள்ளே போனால் ஆயில் சம்ப்பைத்தான் கழற்ற வேண்டும். கம்ப்ரஸரைத் தளர்த்தியதும் தண்டின் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு தட்டு, லாக் நன்றாக உட்கார்ந்துவிடும். வால்வை அமுக்கும் ராக்கரைத் தாங்கும் பெடஸ்டலோடு வரும் நீள ஹெட் போல்ட்டை 89 அடி-பவுண்டு, அப்புறம் 90 டிகிரி என்று இறுக்கியாயிற்று.

வால்வு தண்டு வழியாக ஆயில் கசியாமல் தடுக்கும் ஸ்டெம் சீலின் கதை தனி. ஸ்பிரிங்கோடு சேர்த்துத்தான் ஆர்டர் போட்டேன், பெட்டியில் வேறு என்ஜினின் சீல் இருந்தது. மாற்றித் தருகிறோம் என்றார்கள், போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் புது ஆள். கடைசியில் பக்கத்து டீசல் பாகக் கடையில், விலை கொஞ்சம் கூட இருந்தாலும், கையில் வைத்துப் பார்த்து வாங்கினேன்.

அடுத்து முன்பக்க கியர் கவரைத் திறக்க வேண்டும். இந்த என்ஜினின் பேர்போன டவல் பின் (பாகத்தை இடத்தில் நிறுத்தும் சின்ன உலோக முளை) கழன்று கியருக்குள் விழுவதற்குள் அதை மறித்து ஒரு தகடு வைத்தாக வேண்டும். தகடு வந்துவிட்டது. திறந்ததே திறந்தோம், கேமையும் மாற்றிவிடலாமா என்று ஒரு சபலம். ஆனால் டாப்பெட் காளான் வடிவம், மேலே உருவ முடியாது. ஒவ்வொன்றிலும் மரக்குச்சியைச் செருகித் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கேமை இழுக்க வேண்டும். பார்க்கலாம்.

அதற்கு முன்னால் 3-4 ஜோடி பாக்கி. பிறகு என்ஜின் ஆறியிருக்கும்போது லாஷ், அதாவது வால்வு இடைவெளி: இன்டேக் 0.010, எக்ஸாஸ்ட் 0.020 அங்குலம்.