எஸ்ட்ரெல்லாவுக்குள் டியூக் 200 எஞ்சின்: கொழும்பில் செய்து முடித்த வேலை

கவாசாக்கி எஸ்ட்ரெல்லாவை ஒரு தடவை நேரில் பார்த்தவர்களுக்கு, நான் ஏன் அதை இரும்புக் கடைக்குப் போட மறுத்தேன் என்று விளக்கத் தேவையில்லை. 1992இல் வெளிவந்த மோட்டார் சைக்கிள் என்றாலும் உருவம் முழுக்க அதற்கு முந்திய காலத்துடையது. வட்ட விளக்கு, குரோம் மட்கார்ட், உருண்டு திரண்ட பெற்றோல் டாங்கி. என்னிடம் வந்தபோது உடம்பு நன்றாக இருந்தது, எஞ்சின் முடிந்திருந்தது. கிராங்க் பேரிங் போய், சிலிண்டரும் தேய்ந்து கிடந்தது. இந்த மொடலுக்குக் கொழும்பில் பாகம் தேடுவது பெரும்பாடு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது இன்னும் மோசமானது.

அதனால் கேடிஎம் டியூக் 200 மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் போட முடிவு செய்தேன். எஸ்ட்ரெல்லாவுடையது 249 சிசி, காற்றில் குளிர்கிற ஒற்றைச் சிலிண்டர், சுமார் 20 குதிரைவலு. டியூக்குடையது 199.5 சிசிதான், ஆனால் நீரில் குளிர்வது, ஆறு கியர், நிமிடத்துக்கு 10,000 சுற்றில் 25 குதிரைவலு. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். இந்த இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரியது.

இரும்பை வெட்டுவதற்கு முன்பே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிடுங்கள். எஞ்சின் இலக்கம் மாறினால் சீ.ஆர். எனும் பதிவுப் புத்தகமும் மாற வேண்டும். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லையென்றால் எவ்வளவு அழகாகப் பொருத்தினாலும் வண்டி றோட்டுக்கு வராது.

வாகனப் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எஞ்சின் தனியாகவே கிடைக்கும். ஆனால் அங்கே கடை வைத்திருக்கும் நானா ஒருவர் சொன்னது என் பணத்தைக் காப்பாற்றியது: “தம்பி, எஞ்சின மட்டும் எடுத்துட்டுப் போனா நாளைக்கி வயருக்கு வருவீங்க, அடுத்த நாள் பம்புக்கு வருவீங்க. அடிபட்ட பைக் ஒண்ட முழுசா எடுங்க.” அப்படியே செய்தேன். முன்பக்கம் நொறுங்கிய டியூக் ஒன்று புத்தகத்தோடு கிடைத்தது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ, வயரிங், சாவி, பெற்றோல் பம்ப், ரேடியேட்டர், ஃபேன் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியவையாக ஒரே கையில் வந்தன.

எஞ்சின் எங்கே உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்வது செயின்தான். டியூக்கில் குழாய்ச் சட்டத்திலிருந்து எஞ்சின் தொங்கும். எஸ்ட்ரெல்லாவில் முன்னால் இறங்கும் ஒரு குழாய் கீழே இரண்டாகப் பிரிந்து எஞ்சினைத் தாங்கும். ஒரு துளையும் ஒத்துப்போகாது. நானாவிடமே உடைந்த கிராங்கேஸ் ஒன்றை இரவல் வாங்கினேன். வெறும் கூடு என்பதால் ஒரு கையால் தூக்கி அங்கும் இங்கும் வைத்துப் பார்க்கலாம். பின் சக்கரத்தை நேராக நிறுத்தி, செயின் ஓடும் பல்சக்கரமான பின் ஸ்ப்ரொக்கெட்டில் நீளமான அலுமினியச் சட்டத்தைப் பொருத்தி, முன் ஸ்ப்ரொக்கெட் அதே கோட்டில் வரும்வரை கூட்டை நகர்த்தினோம். முன் ஸ்ப்ரொக்கெட், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் அச்சுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவுக்கு, பள்ளத்தில் விழுந்து எழும்போது செயின் இறுகுவதும் தளர்வதும் குறையும். அப்புறம்தான் அட்டையில் மாதிரி வெட்டி, அதன்படி 6 மில்லிமீட்டர் தகட்டில் பிடிகள். மாளிகாவத்தையில் வெல்டிங் பாஸ் இடமும் வலமுமாக மாறி மாறிப் புள்ளி வைத்தார். ஒரே பக்கமாகச் சூடாக்கினால் சட்டம் இழுத்துக்கொள்ளும்.

டியூக்கின் சைலன்சர் எஞ்சினுக்கு அடியில் இருப்பது. இங்கே அந்த இடத்தில் சட்டத்தின் குழாய்கள் ஓடுகின்றன. ஆகவே புதுக் குழாய் வளைத்து வலப்பக்கமாக நீட்டினோம். பழைய வண்டிக்கு அதுதான் அழகும்கூட. ஒட்சிசன் சென்சர் எஞ்சினின் தலைப்பகுதிக்கு அருகில், சற்று மேல்நோக்கிச் சாய்ந்தபடி. படுக்கையாக வைத்தால் தண்ணீர் தேங்கிக் கெட்டுவிடும்.

ரேடியேட்டரை டாங்கிக்கு அடியில் ஒளிக்கச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். நான் சம்மதிக்கவில்லை. மாலையில் பொரளைச் சந்தியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே காற்று வராது, முன்னாலிருக்கும் பஸ்ஸின் சூடுதான் வரும். முன் குழாயில் வெளிப்படையாகவே வைத்து, கறுப்பு அடித்துவிட்டேன். இடத்தைக் குறிப்பதற்கு முன்பே, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஃபோர்க்கை அடிமட்டம் வரை அமுக்கிப் பாருங்கள். வண்டி நிற்கும்போது தாராளமாகத் தெரியும் இடைவெளி, பிரேக் பிடிக்கும்போது காணாமல் போகும், ரயர் போய் ரேடியேட்டரைத் தொடும். தண்ணீர் ஊற்றும் மூடி மற்ற எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும், ஃபேன் சுற்றியும் சூடு இறங்காது.

பெற்றோல் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். கார்புரேட்டருக்கு டாங்கி உயரத்தில் இருந்தாலே போதும், இன்ஜெக்டருக்குப் பம்பின் அழுத்தம் தேவை. டியூக் டாங்கியிலிருந்து பம்ப் உட்காரும் வளையத்தை வெட்டியெடுத்து எஸ்ட்ரெல்லா டாங்கியின் அடியில் வைத்தோம். காலி டாங்கி என்று நம்பி யாரும் வெல்டிங் வைக்க வேண்டாம், உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். சவர்க்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவி, வெல்டிங் வைக்கும் இடம் மட்டும் வெளியே தெரியும்படி தண்ணீர் நிரப்பி, அப்புறம்தான் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோனார் பாஸ். பழைய துருவையும் அப்போதே எடுத்துவிட வேண்டும், இன்ஜெக்டர் தூசியைத் தாங்காது.

வயரிங்கில் எதையும் வெட்டி எறியவில்லை. சாய்வு சென்சரை டியூக்கில் இருந்த அதே நிலையில் வைத்தேன், திரும்பியிருந்தால் வண்டி விழுந்துவிட்டது என்று எண்ணி ஈ.சி.யூ எஞ்சினை நிறுத்திவிடும். வேகத்துக்கு எஸ்ட்ரெல்லாவின் கேபிள் மீட்டரே இருக்கிறது. சூட்டைக் காட்டும் எச்சரிக்கை விளக்கை மட்டும் கண்ணில் படும்படி அதன் அருகில் வைத்தேன்.

வேரஹெரவிலுள்ள திணைக்கள அலுவலகத்தில் பரிசோதகர் வெல்டிங்கையும் எஞ்சின் இலக்கத்தையும் நிதானமாகப் பார்த்தார். புத்தகம் திருத்தப்பட்டதும் காப்புறுதிக்காரருக்கு இலக்கமும் கொள்ளளவும் மாறியதை எழுத்தில் கொடுத்தேன். புகைப் பரிசோதனையும் சரி.

ஓட்டத்தைப் பற்றிச் சொன்னால், இரண்டு எஞ்சினின் முறுக்குவிசையும் கிட்டத்தட்ட 20 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் டியூக்கில் அது மிக உயர்ந்த சுற்றில் கிடைக்கிறது. எஸ்ட்ரெல்லாவில் 66 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்குள் பிஸ்டன் 73 மில்லிமீட்டர் நீளம் ஓடுவது எங்கே, டியூக்கின் 72க்கு 49 எங்கே! பழைய ஸ்ப்ரொக்கெட்டோடு கொழும்பு–காலி வீதியில் இரண்டாம் கியரிலேயே திணறியது. லேத்தில் எஸ்ட்ரெல்லா ஹப்புக்குப் பொருந்தும் துளைகளோடு, பல் கூடிய ஸ்ப்ரொக்கெட் ஒன்று செய்து போட்டதும் வெள்ளவத்தை நெரிசலிலும் இலகுவாக நகர்கிறது. சுற்று ஏற ஏற வண்டி பாயும் விதம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. பின்னால் இருப்பது இன்னும் அந்தப் பழைய ட்ரம் பிரேக்தான், அதனால் முன் டிஸ்க்குக்கு நல்ல பேட் போட்டுவிட்டேன். கொஞ்சம் விறைப்பான ஃபோர்க் ஸ்பிரிங் தேடிக்கொண்டிருக்கிறேன்.