மணிமுத்தாறு தண்ணீரும் கூந்தன்குளத்துப் பறவைகளும்: மூன்றாம் பனிக்காலக் குறிப்பு

பறவை பார்க்க ஆரம்பித்து இது எனக்கு மூன்றாவது பனிக்காலம். முதல் வருடம் பெயர் கண்டுபிடிப்பதே பெரிய காரியமாக இருந்தது. போன வருடம் முழுக்க படம் எடுப்பதில் போய்விட்டது. இந்த மார்கழிக்கு இரண்டே வேலைகளை எடுத்துக்கொண்டேன்: கூட்டத்தை ஒழுங்காக எண்ணப் பழகுவது, சேற்றோரத்தில் இரை தேடும் சிறு பறவைகளான உள்ளான்களைக் குழப்பாமல் வகை பிரிப்பது. பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு அதற்கு வாய்த்தது. காலையில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், சாயங்காலம் மணிமுத்தாறு அணை.

இரண்டையும் ஒரே நாளில் வைத்ததற்குக் காரணம் தண்ணீர்தான். கூந்தன்குளம் தன் மழையை மட்டும் நம்பியிருக்கும் குளம் இல்லை. மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாய் வழியாகவும் அதற்குத் தண்ணீர் வருகிறது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து, அணை பெருகி, கால்வாயின் கடைசி வரை தண்ணீர் வந்தால்தான் விவசாயிக்கும் பறவைக்கும் நல்ல வருடம். அந்தத் தண்ணீரை மேலேயும் கீழேயும் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

திருநெல்வேலியில் நாலரைக்கு பைக்கை எடுத்தேன். மூலைக்கரைப்பட்டியில் ஒரு டீ. கூந்தன்குளம் ஊருக்குள் நுழையும்போதே, வெளிச்சம் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிட்டது. வீடுகளுக்கு நடுவில் நிற்கும் மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் அலகைத் தட்டிக்கொண்டிருந்தன. தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் இது. வாசலில் எச்சம் விழுகிறதே என்று யாரும் கல்லெடுப்பதில்லை. கோடையில் அந்த எச்சம் கலந்த வண்டலை அள்ளி வயலுக்கு உரமாகப் போடுகிறார்கள். 1994-இல் சரணாலயமாக அறிவித்தது அரசு. ஆனால் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே காவல் காத்தது இந்த ஜனங்கள்தான்.

கரையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் கேட்டார்: "வாத்து பாக்கவா வந்திய, தம்பி?"

"ஆமா தாத்தா, வரித்தலை வாத்து."

"ராத்திரி பூரா வயல்ல மேஞ்சிட்டு இப்பதான் வரும். இங்கன நில்லுங்க, வெயிலு முதுகுல அடிக்கும்."

அவர் சொன்ன இடத்திலேயே நின்றேன். ஆறே முக்கால் இருக்கும். தெற்கே இருந்து கனத்த குரலோடு முதல் வரிசை வந்து இறங்கியது. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் பைனாகுலரில் துல்லியமாகத் தெரிந்தன. திபெத், மங்கோலியா பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வரும் பறவை. செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்ததில் 7,290 மீட்டர் உயரம் வரை பறந்தது பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட பறவை, நம் நாங்குநேரி வட்டாரத்துச் சேற்றில் கால் வைத்து, சிறகை உதறிக்கொண்டு, தூங்க இடம் பார்க்கிறது. ஒரு நிமிடம் எண்ண வந்ததே மறந்துபோனது.

அப்புறம் எண்ணினேன். வரித்தலை வாத்து 64. இது சுலபம், பெரிய பறவை, அசையாமல் நின்றது. ஊசிவால் வாத்துகளிடம்தான் சோதனை. பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தை மனதில் பிடித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். 180 என்று முடித்தேன். இரண்டாவது தடவை தொடங்குவதற்குள் சேற்றுப்பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தது, குளமே எழும்பிவிட்டது. நல்லவேளை, முன்பே ஒரு படம் எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து திரையில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணினால் 236! ஓரங்களில் கூட்டம் தளர்வாக இருக்கிறது, நடுவில் நெருக்கம். நான் ஓரத்துப் பத்தை அளவாக வைத்ததால் நடுவில் இருந்தவை விட்டுப்போயின. அடுத்த முறை நடுவில் ஒரு அளவு, ஓரத்துக்கு ஒரு அளவு என்று இரண்டு எடுக்கப் போகிறேன்.

உள்ளான்களுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தேன். இந்த நாளின் உண்மையான பலன் அதுதான். சேற்றோரத்தில் ஏழெட்டு பொரி உள்ளான்கள்: முதுகெல்லாம் பொரி தூவியதுபோல் புள்ளி, கண்ணைத் தாண்டிப் பின்னால் வரை ஓடும் வெள்ளைப் புருவம், மஞ்சள் சாயலான கால். சற்றுத் தள்ளி வாய்க்காலில் தனியாக ஒன்று இன்னும் இருண்டு தெரிந்தது. புருவம் கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. நான் அசைந்ததும் எழும்பியது. இறக்கையின் அடிப்பக்கம் கிட்டத்தட்ட கறுப்பு, பிட்டம் பளீரென வெள்ளை. கிரீன் சேண்ட்பைப்பர் என்ற வேறு வகை உள்ளான் அது. இரண்டையும் ஒரே இடத்தில் பார்த்ததும் புத்தகத்தில் பலமுறை படித்தது சட்டென்று விளங்கிவிட்டது.

களக்காடு, சேரன்மகாதேவி வழியாக அணைக்குப் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. மேற்கே மாஞ்சோலை மலை மேகத்துக்குள் இருந்தது. 118 அடி கொள்ளும் அணை. கண்ணுக்கெட்டும் தூரம் வரை தண்ணீர். ஆனால் பறவை? ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு வகைதான். காலையில் குளத்தில் 51 வகை. முதலில் ஏமாற்றமாக இருந்தது. யோசித்தால் சரிதான். ஊசிவால் வாத்து முங்காது. தலையைக் கவிழ்த்துக் கழுத்து எட்டுகிற ஆழத்தில்தான் மேயும். உள்ளானுக்கு வேண்டியது ஈரச் சேறு. ஆழமான அணையில் இரண்டுக்கும் இரை இல்லை. அங்கே பிழைப்பவை முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகம், மேலிருந்து பாயும் ஆற்று ஆலா, பிறகு மீன் பிடித்துத் தின்னும் பருந்து போன்ற விரால் அடிப்பான்.

விரால் அடிப்பானை முழுதாகப் பார்த்தது இதுவே முதல் முறை. உயரத்தில் இறக்கையடித்து ஒரே இடத்தில் நின்றது, காலை முன்னால் நீட்டியபடி விழுந்தது, தண்ணீர் சிதறியது. எழும்பும்போது காலில் மீன். உடலை ஒருமுறை உதறிவிட்டு, மீனின் தலை முன்பக்கம் வருமாறு திருப்பிப் பிடித்துக்கொண்டு மலைப்பக்கம் போனது. அந்த ஒரு காட்சிக்காக அணைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம்.

ராத்திரி பழைய பட்டியல்களைத் திறந்தேன். போன ஜனவரியில் பொரி உள்ளான் என்று இ-பேர்டில் (பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளம்) ஏற்றியிருந்த ஒரு படத்தில் புருவம் கண்ணோடு நிற்கிறது. அதைத் திருத்திவிட்டேன். இன்னும் இரண்டு படங்கள் தெளிவாக இல்லை. அவற்றை வெறும் உள்ளான் இனம் என்று மாற்றி வைத்திருக்கிறேன். மாசியில் குளம் வற்றத் தொடங்கும், சேற்றுப் பரப்பு விரியும். அப்போது அதே கரையில், அதே நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும்.