கன்னுக்கு முதல் பங்கு

லட்சுமி விடியக்காலம் கன்னு ஈன்றுட்டா. கிடேரி!

மூக்குச் சளியை வழிச்சு, தொப்புள்கொடியில அயோடின் தடவினதோட என் வேலை முடிஞ்சது. மிச்சத்தை அவ நாக்கு பாத்துக்கிச்சு.

அதுக்குள்ள பக்கத்து வீட்டு அக்கா சொம்போட வந்துட்டாங்க. "சீம்பால் இருந்தா கொடு தம்பி, பேரன் கேக்குறான்."

"கன்னு குடிச்ச மிச்சம்தான்க்கா."

அம்மா முறைச்சாங்க. நஞ்சுக்கொடி விழாம மடியில கை வைக்கக் கூடாதுங்கிறது அவங்க கட்சி. கொடி விழ 8 மணி நேரம்கூட ஆகும். அதுவரைக்கும் கன்னு பட்டினி கிடக்கணுமா?

மாட்டு வயித்துக்குள்ள இருக்கும்போது கன்னுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி போய்ச் சேராது. சீம்பால் வழியாத்தான் சேரணும். 24 மணி நேரம் தாண்டினா குடல் அதை உள்ள வாங்காது. 25 கிலோ கன்னுக்கு இரண்டரை லிட்டர் வேணும். இதுல பங்கு கேட்டா எப்படி?

அது என்னடான்னா காம்பைத் தேடி தாயோட முன்னங்காலையே முட்டிக்கிட்டு நிக்குது. விரலைச் சப்ப விட்டு மெல்ல மடிக்குக் கூட்டிட்டுப் போனேன். காம்பு கிடைச்சதும் வாலை ஆட்டுச்சு பாருங்க ஒரு ஆட்டம்!

கொடி மதியம் விழுந்துச்சு. அப்பா வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டப் போயிட்டாரு. மரத்துல பால் வடியிற மாதிரி மடியிலயும் சுரக்குமாம். நாய் வாய்க்குப் போகாம இருந்தா எனக்குச் சரி.