கையொப்பம் முதல் தூக்குக் கயிறு வரை

ஆங்கிலச் சட்ட ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் ‘எக்ஸிகியூஷன்’ என்ற சொல் வரும்போதெல்லாம், அது எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். பத்திரத்தில் அது கையொப்பம். சிவில் நீதிமன்றத்தில் வசூல். சிறைக் கோப்பில் தூக்கு.

பத்திரத்தில்தான் அதிகக் கவனம் தேவைப்படுகிறது. முத்திரைத்தாள் வாங்கிய நாளையோ தட்டச்சு செய்த நாளையோ இச்சொல் குறிப்பதில்லை. எழுதிக்கொடுப்பவர் கையொப்பமிட்ட நாளையே குறிக்கிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி, உயில் நீங்கலான ஆவணங்களை அந்த நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றில் அண்ணன் மார்ச்சிலும் தம்பி ஜூனிலும் கையொப்பமிட்டிருந்தால், 24ஆவது பிரிவின்படி ஒவ்வொரு கையொப்பத்திலிருந்தும் தனித்தனியே 4 மாதங்கள் உண்டு. இங்கே ‘நிறைவேற்றப்பட்ட தேதி’ என்று எழுதினால், பணம் கைமாறி எல்லாம் முடிந்த நாள் என்று படிப்பவர் எண்ணக்கூடும் என்பதால், ‘எழுதிக்கொடுத்த தேதி’ என்றே எழுதுகிறேன். பத்திர எழுத்தர்கள் காலங்காலமாக ஆளும் சொல் அது. அகராதியைவிட அவர்களையே நம்புகிறேன்.

நீதிமன்றத்திலோ, வழக்கில் வென்றவர் டிக்ரியை, அதாவது தீர்ப்பின்படி நீதிமன்றம் தரும் ஆணையை, செயலாக்கக் கேட்கும் மனுவுக்கு ‘எக்ஸிகியூஷன்’ மனு என்று பெயர். கடன் பாக்கிக்காக வந்த அத்தகைய அறிவிப்பைக் கைப்பேசிச் செயலியில் மொழிபெயர்த்துப் பார்த்த ஒருவர், ‘மரணதண்டனை மனு’ என்ற வரியைக் கண்டு நடுங்கியபடி எங்களிடம் வந்தார். கேட்கப்பட்டதோ, அவர் சம்பளத்தின் ஒரு பகுதியை ஜப்தி செய்யும் உத்தரவுதான்.

அச்சம் எதிராளிக்கு என்றால், அலுப்பு வென்றவருக்கு. இந்தியாவில் வழக்காடுபவரின் தொல்லைகள் டிக்ரி கிடைத்த பிறகே தொடங்குகின்றன என்ற பொருளில், அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1872இலேயே குறிப்பிட்டது. பணத்துக்கான டிக்ரியைச் செயலாக்கக் கோருவதற்கு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் 12 ஆண்டுகள் தருகிறது. மனு தாக்கலான 6 மாதங்களுக்குள் அதை முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியும், நான் கையாளும் கோப்புகளில் அந்த வேகத்தை அரிதாகவே காண்கிறேன்.

இத்தகைய அறிவிப்புகளைத் தமிழாக்கும்போது ‘நிறைவேற்று மனு’ என்ற பெயரோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஜப்தியா, சொத்து ஏலமா, சுவாதீனம் ஒப்படைப்பா, சிவில் சிறையா என்று மனுவில் கேட்டிருக்கும் பரிகாரத்தை முதல் வரியிலேயே தெரியும்படி தனிக் குறிப்பாக இணைத்துத் தருகிறேன்.